உள்பக்கச் சாவி

சாம்சுன்
2 மார்ச் 1993

அன்புள்ள குல்சும் அக்காவுக்கு,

முதலில் உன் கைகளுக்கு முத்தம். அத்தான் நலமா? குட்டிப் பெண் செர்பிலின் இருமல் நின்றதா? கைசேரியில் பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது என்று ரேடியோவில் கேட்டேன். இங்கே மழைதான். நோன்பு நல்லபடியாகப் போகிறது.

புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலில் கடல் தெரிகிறது. வாசலுக்கு இரும்புக் கதவு போட வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததாம். அத்தான் கதவுப் பட்டறையில் இருக்கும்போது வேறு எங்கே போவது என்கிறார். படங்கள் உள்ள புத்தகம் இருந்தால் அனுப்பு.

அக்கா, ஒரே ஒரு உதவி. உள்பக்கத்திலும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும், அப்படிப்பட்ட பூட்டுதான் வேண்டும் என்கிறார் அவர். எனக்கு உள்ளே கையால் திருகுகிற குமிழ் இருந்தால் போதும். குமிழ் வைத்துத்தான் கதவு வருகிறது என்று அத்தான் சொன்னால் இவர் கேட்டுக்கொள்வார். நான் கேட்டதாக மட்டும் எழுதிவிடாதே. பதிலை அவருடைய அலுவலக முகவரிக்கே போடு, இங்கே தபால்காரர் மாடி ஏறுவதில்லை. இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு ஃபெரிஹா அம்மாதான் தபாலில் சேர்க்கிறார்.

செர்பிலின் கன்னத்தில் என் முத்தம்.

உன் தங்கை
நெஸ்ரின்


கைசேரி
12 மார்ச் 1993

கண்மணி நெஸ்ரினுக்கு,

உன் கண்களில் முத்தம். நாங்கள் நலம். நலம் என்றால் எங்கள் அளவுக்கு நலம். செர்பிலின் இருமல் நின்றது, இப்போது எனக்கு வந்திருக்கிறது.

சமையலறையில் கடல் தெரிகிறதா? சந்தோஷம். எங்கள் சமையலறை ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரரின் கரி மூட்டைகள் தெரிகின்றன. எழுதச் சொன்னால் நானும் அழகாக எழுதுவேன்.

உன் அத்தான் ஒரு நாளைக்கு மூன்று வீட்டில் இரும்புக் கதவு மாட்டிவிட்டு வருகிறார். வந்ததும் ஈரத்தில் ஊதிப்போன எங்கள் மரக்கதவைக் காலால் உதைத்துத் திறக்கிறார். "நம்ம வீட்டுக்கு எப்போ?" என்று கேட்டேன். "நம்ம வீட்ல திருட என்ன இருக்கு, உன் இருமலையா?" என்கிறார். உன் வீட்டில் திருட நிறைய இருக்கிறது போலும்.

உள்ளேயும் சாவி என்றதும் அவர் முகம் சுளித்தார். "தீப்பிடிச்சா சாவியத் தேடிக்கிட்டா நிப்பாங்க? கடைக்காரங்க போடுவாங்க அப்படி. வீட்டுக்கு யாரு போடுவா?" என்றார். நான் விடவில்லை. "பொண்டாட்டிய பவுனா நெனைக்கிறவன் பூட்டித்தான் வைப்பான். உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது?" என்றேன்.

உனக்குக் குமிழ் வேண்டுமாம், நீ கேட்டதாக எழுதக் கூடாதாம், அத்தான் பொய் சொல்ல வேண்டுமாம். கட்டின புருஷனிடம் ஒரு கதவைப் பற்றிப் பேச வாய் இல்லையா உனக்கு? ஆனால் நீ எப்போதும் வாய் திறக்காமலேயே வேண்டியதை வாங்கிக்கொள்கிறவள். துன்ஜாய் தன் அம்மாவோடு என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காபி கொண்டுவந்தேன், நீ தண்ணீர் கொண்டுவந்தாய். கடைசியில் மோதிரம் உன் விரலுக்குப் போனது. ஆறு வருடத்துப் பழைய கதை, விடு.

படப் புத்தகம் இத்துடன் வருகிறது. பதினோராம் பக்கத்தில் செர்ரி மர நிறத்தில் பித்தளைப் பிடியோடு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சமையல் ஓடவில்லை.

மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ்வின் காவலில் இரு.

அக்கா
குல்சும்


சாம்சுன்
21 ஏப்ரல் 1993

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கைகளுக்கும் அத்தான் கைகளுக்கும் முத்தம். நாங்கள் இருவரும் நலம்.

நான் முன்பு எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். அறியாமல் எழுதிவிட்டேன். கதவு விஷயத்தில் என் கணவர் சொல்வதே சரி. வாசல் அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர், உயரம் இருநூற்றைந்து. இரண்டு பக்கமும் சாவி. நிறத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். சாவிகள் எல்லாவற்றையும் என் கணவர் கையில் கொடுக்க வேண்டும்.

இனி அடிக்கடி எழுத நேரம் இருக்காது.

நெஸ்ரின்


கைசேரி
2 மே 1993

நெஸ்ரினுக்கு,

உன் கண்களில் முத்தம். நலம்தானே?

பெருநாளுக்கு ஒரு வரி வரும் என்று வாசலையே பார்த்திருந்தேன். செர்பில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "சித்தி வாழ்த்து அட்டை எங்க?" என்று கேட்டாள். தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். ஒரு மாதம் கழித்து வருகிறது உன் கடிதம், அரசாங்க நோட்டீஸ் மாதிரி. "தங்கள்" ஆகிவிட்டேனா நான்? நான் எழுதியது சுட்டிருந்தால் சுட்டது என்று எழுதியிருக்கலாம். கடல் பார்த்த வீட்டுக்குப் போனவளுக்கு எங்களோடு சண்டை போடக்கூட நேரமில்லை.

போகட்டும். சனிக்கிழமை பட்டறைக்குப் போய் உன் கதவை நானே தேர்ந்தெடுத்தேன். வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வால்நட் நிறம், செர்ரி நிறம், பூ வேலை செய்தது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் உனக்குச் சாம்பல் நிறத்தைச் சொல்லியிருக்கிறேன். வேலைப்பாடு கிடையாது, மழமழவென்று இருக்கும். இப்போது பெரிய வீடுகளில் அதைத்தான் வாங்குகிறார்களாம். உன் அத்தான், "இதையா? நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டார். "அவளுக்கு எது போட்டாலும் அழகாத்தான் இருக்கும்" என்றேன்.

பூட்டு விஷயத்தில் மறுபடியும் முனகினார். வாங்குகிறவர்களுக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதற்கு என்றேன்.

குர்பான் பெருநாள் முடிந்ததும் சாம்சுன் பக்கம் லாரி போகிறது. அவரே வந்து மாட்டித் தருவார்.

மாப்பிள்ளைக்குச் சலாம்.

குல்சும்


கைசேரி
14 ஜூன் 1993

நெஸ்ரினுக்கு,

கண்களில் முத்தம். உடம்பு எப்படி இருக்கிறது? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

உன் அத்தான் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "நெஸ்ரின் மெலிஞ்சு போயிட்டா" என்றார். ஐயோ என்றேன். கை கழுவிவிட்டு வந்து, "ரொம்ப மெலிஞ்சுட்டா" என்றார். சரி என்றேன். சாப்பிட உட்கார்ந்ததும் மூன்றாவது தரம் சொன்னார். நான் கிண்ணத்தை வைத்த வேகத்தில் சூப் சிந்திவிட்டது. மூன்று மாதமாக இருமி இருமி என் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, அது அந்த மனுஷன் கண்ணில் படவில்லை. அரை நாள் பார்த்த உன் மெலிவு மட்டும் பட்டுவிட்டது.

இன்னும் சொன்னார். நீ டீயை வைத்துவிட்டு உள்ளே போனாயாம், அப்புறம் வெளியே வரவே இல்லையாம். "ஒரு வார்த்தை பேச விடல குல்சும். சகலை நடுவுல வந்து நின்னுக்கிட்டார். அஞ்சு சாவியும் எண்ணிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். ஒண்ணு அவளுக்குக் குடுக்கலாமேன்னேன். சிரிச்சார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல."

ஆண்பிள்ளை வீட்டுச் சாவியை வைத்திருப்பது ஒரு அதிசயமா? எங்கள் வீட்டில் சாவி வைத்துக்கொள்ளுமளவு கதவு இல்லை, அதனால் இவருக்குத் தெரியவில்லை என்று சொல்லி முடித்துவிட்டேன்.

கதவு எப்படி இருக்கிறது என்றாவது எழுது. நிறம் பிடிக்கவில்லை என்றாவது எழுது.

குல்சும்


சாம்சுன்
5 ஆகஸ்ட் 1993

மகள் குல்சுமுக்கு,

நீயும் உன் குடும்பத்தாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். என்னை உனக்குத் தெரியாது. என் பெயர் ஃபெரிஹா. உன் தங்கையின் எதிர்வீடு. தையல் வேலை செய்கிறேன். நெஸ்ரின் கதவுக்கு அடியில் தள்ளிய காகிதத்தில் உன் முகவரி இருந்தது.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம் உன் கணவர் அந்தக் கதவை மாட்டிவிட்டுப் போனபின் நெஸ்ரின் தனியாக வெளியே வந்து நான் பார்க்கவில்லை. காலை எட்டேகால் மணிக்கு அவள் புருஷன் வெளியிலிருந்து பூட்டுகிறான். சாவி நான்கு சுற்று சுற்றும் சத்தம் என் அடுப்படி வரை கேட்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கிறான். முன்பு மரக்கதவு இருந்தபோது அவன் போனதும் என் வீட்டுக்குக் காபிக்கு வருவாள், அரை மணி நேரம் சிரித்துப் பேசுவாள். அது தெரிந்துதான் இந்தக் கதவு வந்தது. திருடன் கதையெல்லாம் பொய், மகளே. இந்தப் பக்கம் எந்தத் திருட்டும் நடக்கவில்லை. மீன்காரனோடு பேசினால் சந்தேகம். ஜன்னலில் நின்றால் யாரைப் பார்த்தாய் என்று கேள்வி.

கட்டட மேலாளரிடம் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நாம தலையிடக் கூடாதும்மா" என்றுவிட்டார்.

நீ எழுதும் கடிதங்கள் அவன் கைக்குத்தான் போகின்றன. மார்ச் மாதம் நீ எழுதியதை, குமிழ் பற்றி எழுதியதை, அவளை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினானாம். அதற்கு அடுத்த கடிதம் அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளை நான் ஊருக்குப் போகிறேன், ஓர்து பக்கம். தோட்டத்தில் ஹேசல் கொட்டை பறிப்பு முடிய ஒரு மாதம் ஆகும். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அவளோடு பேசவும் இனி ஆள் இல்லை. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். என் ஊர் முகவரி பின்பக்கம். அவள் எழுதிய காகிதத்தையும் வைத்திருக்கிறேன்.

ஃபெரிஹா


(உறைக்குள் இருந்த காகிதம்)

அக்கா,

உன் கைகளுக்கு முத்தம். செர்பில் நலமா? என்னைச் சித்தி என்று இன்னும் நினைவு வைத்திருக்கிறாளா?

ஃபெரிஹா அம்மா எல்லாம் எழுதுகிறேன் என்றார். ஆறு வருடமாக நான் ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். உன்னைப் பார்க்க வந்தவர் என்னைக் கேட்டார். அப்பா சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் நீ அன்றிலிருந்து என்னை நேராகப் பார்க்கவில்லை. கஷ்டம் என்று எழுதினால் "உனக்கு நல்லா வேணும்" என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். அவரிடம் பயந்ததைவிட அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அதிகம் பயந்தேன்.

கோபமாக இருக்கிறாயா, அக்கா?

நெஸ்ரின்


கைசேரி
15 ஆகஸ்ட் 1993

ஃபெரிஹா அம்மாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். கொட்டை பறிக்கும்போது இடுப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நெஸ்ரின் இங்கே என் வீட்டில் இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் செர்பிலுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குள் ஏதோ ஒன்று லேசாகத் திருப்திப்பட்டது. அவள் பயந்த அதே வாக்கியம் என் வாய்வரை வந்தது. அப்புறம்தான் அவள் காகிதத்தைப் பிரித்தேன். எழுதாதே என்று அவள் கேட்டதை நான் ஏன் எழுதினேன் தெரியுமா? அவள் எழுதாதே என்றதால்தான். அந்தக் கதவைச் சாம்பல் நிறத்தில் தேர்ந்தெடுத்ததும் பெரிய வீடுகளில் வாங்குகிறார்கள் என்பதற்காக அல்ல. அங்கே இருந்ததிலேயே அசிங்கமானது அதுதான்.

புதன்கிழமை பஸ் ஏறினோம். வியாழன் காலை ஒன்பது மணிக்கு நானும் என் கணவர் ருஸ்தெமும் அந்தக் கதவின் முன்னால் நின்றோம். தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்டி."

அப்புறம் தரையோடு வந்தது குரல். கீழே உட்கார்ந்துவிட்டாள் போல.

"அக்கா, கோவமா?"

"முதல்ல தெறக்கட்டும். அப்புறம் சொல்றேன் கோவமா இல்லையான்னு."

ருஸ்தெம் துளை போடும் மெஷினை எடுத்தார். மின்சாரத்துக்கு எங்கே போவது? உங்கள் வீடு பூட்டியிருக்கிறது. மேல்மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து நீள ஒயரை இழுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் திரும்பியதும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

நாற்பது நிமிடம் ஆனது. "சீக்கிரம்யா" என்று நான் கத்த, "நான் செஞ்ச கதவு, சீக்கிரம் தெறந்தா எனக்குத்தான் அவமானம்" என்று அவர் கத்த, உள்ளே நெஸ்ரின் சிரித்துவிட்டாள். அழுகையோடு வந்த சிரிப்பு. மெஷின் நிற்கும் போதெல்லாம் நான் கதவோடு வாயை வைத்துப் பேசினேன். காபியைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, ஆறு வருடமாக அவளுடைய ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தரம் படித்து வயிறு எரிந்ததைப் பற்றி. முகம் பார்த்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

கதவு திறந்தது. ருஸ்தெம் மூன்று தரம் சொன்னது குறைவு. என் தங்கையின் கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறியது.

மேலாளர் வந்து, "என்ன அக்கிரமம் இது?" என்றார். நெஸ்ரின்தான் பதில் சொன்னாள். "இது என் வீடு. நான்தான் கூப்பிட்டேன்." ஆனால் அவர் ஏற்கெனவே போன் செய்துவிட்டிருந்தார். நாங்கள் முதல் மாடி இறங்குவதற்குள் துன்ஜாய் கீழிருந்து ஏறி வந்தார். கோட்டும் டையும், முகத்தில் சிரிப்பும்.

"குல்சும் அக்கா! சொல்லியிருந்தா பஸ் நிலையத்துக்கே வந்திருப்பேனே. நெஸ்ரின், மேல போ. விருந்தாளிங்களுக்கு டீ போடு."

அவள் கால் பின்னால் போனதை நான் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் சிரிப்பு மாறியது. எல்லா வீட்டுக்காரர்களும் வாசலில் நிற்க, உரக்கச் சொன்னார்:

"உனக்கு இன்னும் அந்தப் பொறாம போகல இல்ல? நான் உன்ன வேண்டாம்னது இன்னும் எரியுது."

ஃபெரிஹா அம்மா, கூசிப்போனேன். ஏனென்றால் அது உண்மை. இல்லை என்று கத்தியிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

"ஆமா, எரிஞ்சுது" என்றேன். "ஆறு வருஷம் எரிஞ்சுது. ஒன்ன மாதிரி ஒருத்தனுக்காக எரிஞ்சேன்னு நெனச்சா இப்பதான் வெக்கமா இருக்கு. வழிய விடு."

விடவில்லை. ருஸ்தெம் முன்னால் போய் நின்றார். கை ஓங்கவில்லை. "சகலை, நான் தெனமும் எண்பது கிலோ கதவத் தூக்கறவன். ஒதுங்கிக்குங்க" என்றார். ஒதுங்கினார்.

பஸ்ஸில் உதவிப் பையன் பயணிகள் கையில் கொலோன் வாசனைத் தண்ணீர் ஊற்ற வந்தபோது நெஸ்ரின் இரண்டு கையையும் நீட்டினாள். முகத்தில் தேய்த்துக்கொண்டு கைசேரி வரை தூங்கினாள்.

வழக்குப் போடப் போகிறோம். நீங்கள் சாட்சி சொல்ல வர வேண்டும்.

உங்கள் மகள்
குல்சும்


கைசேரி
9 ஜனவரி 1994

நெஸ்ரினுக்கு,

கண்களில் முத்தம். அங்காராவில் குளிர் எப்படி? அறையில் அடுப்பு புகைகிறதா?

நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் வசந்த காலம் வரை இருக்கிறேன் என்றவள் டிசம்பரிலேயே பெட்டியைக் கட்டியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. நான் ஏதாவது சொன்னேனா? செர்பில், "சித்தி செஞ்ச மந்திக் கொழுக்கட்டைதான் நல்லா இருக்கும், நீ செய்யறது பெருசு பெருசா இருக்கு" என்றபோது என் முகம் மாறியது வாஸ்தவம். இனிமேல் பொறாமையே படமாட்டேன் என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நாற்பது மந்தி ஒரே கரண்டியில் அடங்கும்படி நீ மடித்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா?

ஃபெரிஹா அம்மா அடுத்த மாத விசாரணைக்கு அங்காரா வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். மேல்மாடிப் பெண்ணும் வருகிறாளாம். அவள் பெயர் ஷெனாய்.

உண்மையைச் சொல். ஏன் போனாய்?

அக்கா


அங்காரா
20 ஜனவரி 1994

அன்பு அக்கா,

உன் கைகளுக்கு ஆயிரம் முத்தம். நான் நலம். அடுப்பு புகைகிறது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். மதியம் கூட வேலை செய்யும் பெண்களோடு தெருவில் நடந்துபோய் எள் தூவிய சிமித் ரொட்டி வாங்கித் தின்கிறேன். இன்னும் இரண்டு தெருவுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறேன். குறையும் என்கிறார் வக்கீலம்மா.

நீ ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொல்லாமல் வந்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரி ஈரம் என்று நீயும் அத்தானும் சண்டை போட்டீர்கள். "கண்ணு தெரியாதவன்" என்று நீ கத்தினாய். "கண்ணு தெரிஞ்சிருந்தா ஒன்னக் கட்டியிருப்பனா?" என்று அவர் கத்தினார். நான் பக்கத்து அறையில் செர்பிலைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்ன உடையப் போகிறதோ என்று காத்திருந்தேன். ஒன்றும் உடையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் ஒரே தட்டில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தீர்கள். சண்டை இன்னும் முடியவில்லை. நீ அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாய், உடைத்த விதையை அவர் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாய்.

அக்கா, அன்று எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். பயமில்லாமல் ஒரு ஆளைப் பார்த்துக் கத்த முடிகிறதே உனக்கு என்று. அதற்குப் பிறகு தினமும் எரிந்தது. அவர் வரும் சத்தம் கேட்டு நீ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எரிந்தது. என்னைக் காப்பாற்றியவள் வீட்டில் உட்கார்ந்து அவள் மேலேயே பொறாமைப்பட எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த மாதம் விசாரணைக்கு வரும்போது என் அறையில்தான் தங்க வேண்டும், நீயும் அத்தானும். அறை சின்னது. சண்டை போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். நான் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

உன்
நெஸ்ரின்